முள் எப்போது ஏறுகிறது? பழைய ஜீப் கொதிப்பதைக் கண்டுபிடிக்கும் வழி

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறுகிறதா? திருமங்கலம் நாலுவழிச் சாலையில் 70 கிமீ வேகத்தில் போகும்போதா? இல்லை, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகா? ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஜீப் சூடாவதற்கு இருபது காரணம் இருக்கலாம். எப்போது சூடாகிறது என்று தெரிந்துவிட்டால் அதில் முக்கால்வாசி அப்போதே கழிந்துவிடும்.

பட்டறைகளில் நடப்பது வேறு. "ஹீட்டாகுதுண்ணே" என்று கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் கழற்றுவது தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு. அதில் சரியாகவில்லை என்றால் ரேடியேட்டர், அதிலும் தீராவிட்டால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட். செலவு ஏறிக்கொண்டே போகும். 40 ரூபாய் ரப்பர் வாஷர் கெட்டுப்போன ரேடியேட்டர் மூடியை யாரும் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் எம்எம்540, மேஜர் போன்ற பழைய மஹிந்திரா வண்டிகளுக்கு. இவற்றில் அதிகம் காணப்படுவது பியூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின்: 90 மிமீ போர், 83 மிமீ ஸ்ட்ரோக், 2,112 சிசி. இதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது. ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் தெளிக்கப்பட்டு அங்கிருந்து எரிந்துகொண்டு வெளியே வரும். அதனால், டீசலை நேராக பிஸ்டன் மேல் தெளிக்கும் டிஐ இன்ஜினைவிட ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகும் சூடு அதிகம். டிஐ ஜீப்பில் ஓரளவு ஓட்டிச் சமாளிக்கிற குறை, பியூஜோவில் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். சென்சாருக்குப் போகும் ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் முள் நேராக உச்சிக்குப் போகும். ஒயரைக் கழற்றினால் கீழே விழ வேண்டும். கழற்றிய பிறகும் மேலேயே நின்றால் கோளாறு ஒயரில் அல்லது மீட்டரில். இன்ஜினைத் தொடவே வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் காட்டிப் பார்க்கலாம். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால், பார்க்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு அதன்மேல் அளக்க வேண்டும். 85 முதல் 95 டிகிரி வரை காட்டினால் வண்டி நலமாக இருக்கிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் வேகும்போதுகூட முள் பாதியிலேயே படுத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாமல் உடனே ஓரம் கட்ட வேண்டும்.

அடுத்தது மூடி. எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதமே உண்டு, ஏனென்றால் இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு எந்தச் சாமானிலும் கிடைக்காது. ரேடியேட்டர் மூடியின் வேலை தண்ணீர் சிந்தாமல் மறைப்பது மட்டுமில்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும்தான். திறந்த பாத்திரத்தில் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடிக்குள் 111 டிகிரி வரை கொதிக்காது. மலைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே திறந்த தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். மதுரைக்குள் 95 டிகிரியில் ஒழுங்காக ஓடிய வண்டி, அதே 95 டிகிரியில் கொடைக்கானல் வழியில் பெருமாள்மலையை நெருங்கும்போது பொங்குவதற்குக் காரணம் பல நேரம் இதுதான். வெளியே குளிர்காற்று அடிக்கும்போது வண்டி ஏன் கொதிக்கிறது என்று ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடி ரப்பரில் ஆழமான வட்டத் தடம், வெடிப்பு, உப்புப் படிவு இருந்தால் புதிதாக வாங்கிவிடலாம். நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டால் தானாக மூட வேண்டும். இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மூடிகளில் ஆழம் குறைந்தது, கூடியது என்று இரண்டு வகை உண்டு. ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் மேலே அழகாக உட்காரும், உள்ளே சீல் ஆகாது. "கூட இருந்தா நல்லதுதானே" என்று 15 பிஎஸ்ஐ மூடி போடுவதும் தவறு. ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய பித்தளை டேங்கின் இணைப்புகள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை. பெரும்பாலும் கீழ்த்தட்டு ஓரத்தில் கசியத் தொடங்கும்.

இதோடு சேர்ந்த ஒரு குழப்பம். தனி பாட்டில் இல்லாத பழைய வண்டிகளில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினால் அடுத்த ஓட்டத்தில் கொஞ்சம் வெளியே தள்ளும். தண்ணீர் சூடானால் சுமார் 4 சதவீதம் விரியும். 10 லிட்டர் இருந்தால் 400 மில்லி போக இடம் வேண்டும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் நின்றால் போதும். வெளியே தள்ளுவதைப் பார்த்து தினமும் ஊற்றி நிரப்புகிறவர்கள், தினமும் புதுத் தண்ணீரையும் அதிலுள்ள உப்பையும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம்.

சிக்னலிலும் சித்திரைத் திருவிழா நெரிசலிலும் மட்டும் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை காற்றில். நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டுமே. ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மிமீ இறங்கலாம். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி மின்னினால் இழுவை கூட்டியும் பயனில்லை, வழுக்கத்தான் செய்யும். மாற்றிவிட வேண்டும். ஃபேன் பிளேடைக் கழற்றி மாட்டியபோது முன்பின் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருப்பிப் போட்டாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் குறைவாக வரும். அதனால்தான் இந்தத் தவறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

பழைய ஜீப்புகளில் அதிகம் காணாமல் போகும் சாமான் ஃபேன் கவர். ஒருமுறை ரேடியேட்டர் வேலைக்குக் கழற்றியபோது ஒரு போல்ட் வராமல், கவரை அப்படியே பட்டறை மூலையில் போட்டுவிட்டிருப்பார்கள். கவர் இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும், போதாததற்கு இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். கிடைக்கவில்லை என்றால் 1 மிமீ தகட்டில் டிங்கரிடம் செய்துகொள்ளலாம். பிளேடின் அகலத்தில் ஏறக்குறைய பாதி கவருக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்க வேண்டும். பிளேடு நுனிக்கும் கவருக்கும் இடையே 20 முதல் 25 மிமீ விட்டால் போதும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் இறங்கிப்போன வண்டியில் ஆட்டம் அதிகம் என்பதால் முதலில் மவுண்ட்டைச் சரிசெய்துவிட்டுக் கவர் செய்யக் கொடுங்கள்.

முன்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கிரில்லுக்கு முன்னால் நான்கு ஃபாக் லாம்ப், வின்ச், பெரிய நம்பர் பிளேட். அழகுதான், ஆனால் காற்று வரும் வாசல் அது. ரேடியேட்டரின் இறகுகளுக்கு இடையே வைக்கோல் தூசு, பூச்சி, புல்விதை, காய்ந்த சேறு அடைந்திருக்கும். தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னால் தள்ளுமாறு அடிக்க வேண்டும், வந்த வழியே குப்பை வெளியேறும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் இறகெல்லாம் மடங்கிவிடும். சாதாரண தோட்டத்து ஹோஸ் போதும்.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் தீருமா என்று கேட்பவர்கள் பலர். மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் அது தேவைப்படாது. இருந்தும் போடுவதானால் தனி ஒயர், ரிலே, ஃபியூஸ் வேண்டும், பழைய டைனமோ அந்தச் சுமையைத் தாங்குமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிக்னலில் சாதுவாக இருந்து, நாலுவழிச் சாலையில் வேகம் கூடக்கூட ஏறினால் காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. முதலில் கீழ் ஹோஸ். அது வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், தண்ணீரை உறிஞ்சும் பக்கம். ஹோஸ் பழசாகி மெத்தென்று ஆகியிருந்தால் இன்ஜின் சுற்று ஏறும்போது உறிஞ்சும் வேகத்தில் சப்பிப்போகும். நிறுத்திப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, இன்னொருவர் ஃபேனுக்கு எட்டாமல் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே சுருள் கம்பி வைத்த ஹோஸாக இருந்தால் அந்தக் கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோயிருக்கலாம்.

வாட்டர் பாடியில் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் பச்சை, வெள்ளை, துரு நிறக் கறை ஓடியிருந்தால் சீல் போய்விட்டது. சிலர் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பார்கள். அப்படி அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், ஒருநாள் ஃபேனே கழன்று ரேடியேட்டரைக் கிழிக்கும். ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கசிவும் ஆட்டமும் இல்லாமலே உள்ளே தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தின் இறக்கைகள் அரித்துப் பாதியாகிப்போவதும் உண்டு. வருடக்கணக்கில் வெறும் போர்த்தண்ணீர் ஊற்றிய இன்ஜின்களில் இதை எதிர்பார்க்கலாம்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்பதற்கு வண்டியிலேயே ஒரு சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, நிறுத்தி, தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நகர்த்துங்கள். சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைப்பு. வண்டியை இழுத்து ஓட்டிவிட்டு வந்து மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்தால் இன்னொரு விஷயம் புரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்து முள்ளும் மேலே இருந்தால் காற்று போதவில்லை. மேலே கொதிக்க, கீழே 25 டிகிரி குறைவாக இருந்தால் தண்ணீர் நகர்வது மிக மெதுவு. கழற்றியபின் செய்வது பழைய முறை: கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து மேலே நிரப்பி, கையை எடுத்தால் தண்ணீர் குபீரென்று கொட்ட வேண்டும். நூலாக வந்தால் டேங்கைப் பிரித்து கம்பி விட்டு ஒவ்வொரு குழாயாகச் சுத்தம் செய்யும் வேலைதான். பித்தளை ரேடியேட்டரை இப்படிப் பிரித்து மறுபடி பற்றவைக்க முடியும் என்பதே அதன் பெரிய பலம். குழாய் போய்விட்டதென்று ஆளாளுக்கு ஈயம் வைத்து மூடிக்கொண்டே போனால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்தில் ஒரு குழாய்க்கு மேல் மூடியிருந்தால் கோர் மாற்றுவதுதான் சரி.

அடைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும். மதுரைப் பக்கத்து போர்த்தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். அதே வெள்ளைப் படிவம் இன்ஜின் பிளாக்கிலும் படியும், அதுவும் சூடு அதிகமான ஹெட்டைச் சுற்றித்தான் முதலில். இதைக் கரைக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். படிவத்தோடு சேர்த்து உலோகத்தையும் ஈயப் பற்றையும் தின்றுவிடும், செய்யவே செய்யாதீர்கள். சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 50 கிராம் போதும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, கரைத்த தண்ணீரை நிரப்பி, சூடேறிய பின் 20 நிமிடம் ஐடிலில் ஓட்டி, ஆறவிட்டு, ரேடியேட்டர் குழாயோடு பிளாக்கின் பக்கவாட்டு டிரெயின் பிளக்கையும் திறந்து வடிக்க வேண்டும். பிளாக் பிளக்கைத் திறக்காமல் விட்டால் சகதி அங்கேயே கிடக்கும். திறந்தும் வராவிட்டால் கம்பியால் குத்திவிடுங்கள், துருக்கட்டி அடைத்திருக்கும். பிறகு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து ஒரு சுற்று, அதன்பின் தெளிவாக வரும்வரை வெறும் தண்ணீர். அலுமினிய ரேடியேட்டர் மாட்டியிருந்தால் அதை விலக்கிவிட்டு இன்ஜினை மட்டும் கழுவ வேண்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: படிவமே பிடித்துக்கொண்டிருந்த ஓட்டைகள் இதன்பின் கசியத் தொடங்கும்.

மூன்றாவது வகை, மலையில் மட்டும் ஏறுவது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் போடிமெட்டின் 17 வளைவிலும் வெளிப்படுவது, சமவெளியில் ஒளிந்திருந்த பாதி அடைப்பு, பாதி வழுக்கும் பெல்ட் எல்லாம் சேர்ந்த கணக்கு. மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு ஏன் இவ்வளவு சுமை என்று யோசிக்க வேண்டும். ஓட்டும் விதமே பாதிக் காரணம். மூன்றாவது கியரில் திணறத் திணற இழுத்தால் சூடு உச்சத்தில் இருக்கும், ஃபேனும் வாட்டர் பாடியும் சோம்பலாகச் சுற்றும். ஒரு கியர் குறைத்தால் சுற்று கூடும், முள் இறங்கும். கரடுமுரடான எஸ்டேட் பாதையில் லோ கியரைப் போடத் தயங்க வேண்டாம். தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்கள் இப்படித்தான் அத்தனை சுமையோடு தினமும் ஏறுகிறார்கள். ஆனால் தார்ச்சாலையில் ஃபோர்வீல் போட்டபடி ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். அந்த வித்தியாசத்தை வழுக்கித் தீர்க்க முடியாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும், அந்தச் சுமை முழுக்க இன்ஜின் தலையில் விழும். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் இன்னொன்று. ஓட்டி நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் தெர்மாமீட்டரால் அளங்கள், ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் தெரிந்துவிடும். பெரிய டயர் மாட்டி ஆக்ஸில் ரேஷியோவை அப்படியே விட்ட வண்டிக்கு எப்போதும் அரை கியர் அதிகம்.

ஏறும்போது கறுப்புப் புகை கக்கினால் பம்ப்பில் டீசல் அதிகமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது, அல்லது நாசில் தெளிப்பதற்குப் பதில் ஒழுகுகிறது. பம்ப் டைமிங் தாமதமாக இருந்தாலும் எரிய வேண்டியது தாமதமாக எரிந்து சூட்டைத் தண்ணீருக்குத் தள்ளும். பெட்ரோல் ஜீப்பில் இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் இதே கதைதான்.

தெர்மோஸ்டாட் விஷயம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிவது இங்கே பழக்கமாகிவிட்டது, இதை எவ்வளவு சொன்னாலும் தகும். திறக்கும்போதே பைபாஸை (தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் வழியை) மூடும் வகை தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில் அதைக் கழற்றினால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். சூடாகாத வண்டியிலோ இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுசாக எரியாது, புகை, ரிங் தேய்மானம், மைலேஜ் இழப்பு. சந்தேகம் இருந்தால் சோதிக்க பத்து நிமிடம்: பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். மேலே 82 என்று அடித்திருந்தால் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியில் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். அடியில் படாமல் தொங்குவது முக்கியம். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கியும், சின்ன ஆட்டக்குச்சி இருந்தால் அது மேல்பக்கமாகவும் இருக்க வேண்டும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும், ஆனால் அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. காலையில் குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்தில் தொடர்ச்சியாகக் குமிழி வந்தாலோ, மூடியிட்டு ஓட்டியதும் தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. உறுதிப்படுத்த நீலத் திரவம் வைத்த டெஸ்டர் உண்டு. பெட்ரோல் இன்ஜின் வாயு கலந்தால் மஞ்சளாகவும், டீசலில் பச்சையாகவும் மாறும். டிப்ஸ்டிக்கிலோ ஆயில் மூடியிலோ பால் கலந்த டீ நிறத்தில் பிசுக்கு இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாமல் இழுத்துப் போக வேண்டும். ஹெட்டைக் கழற்றினால் நேர்ச்சட்டம் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாத் திசையிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.05 மிமீ எங்கும் நுழையாவிட்டால் ஃபேஸிங், அதாவது சீவிச் சமன் செய்வது, வேண்டாம். லேத்துக்குக் கொடுப்பதானால், பியூஜோவில் அந்தச் சின்ன அறையின் இன்சர்ட் எவ்வளவு நீட்டியிருக்கிறது, வால்வு எவ்வளவு உள்ளே நிற்கிறது என்ற இரண்டையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் சீவினால் வால்வு பிஸ்டனில் மோதும்.

வழியில் கொதித்துவிட்டால்? தண்ணீர் இன்னும் இருக்கிறது, முள் மட்டும் ஏறுகிறது என்றால் நிழலில் நிறுத்தி, ஹேண்ட் த்ராட்டில் இழுத்து 1,200 சுற்றில் சுமையில்லாமல் ஓடவிடுங்கள், இறங்கிவிடும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டிவிட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மூடியை 30 முதல் 45 நிமிடம் தொடக் கூடாது. துணி போட்டுத் திறந்தாலும் ஆவி கையை வேகவைத்துவிடும். அவசரத்தில் ஹெட் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் வெடிப்பு விழும்.

எல்லாம் முடித்து நிரப்பும்போது, கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, அயனி நீக்கிய தண்ணீர் இரண்டு பங்கு நம் ஊருக்குப் போதும். இங்கே உறையும் பயமில்லை, துருவைத் தடுக்கத்தான் கூலன்ட் தேவை. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் அதைவிடத் திறமை. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் ஓடவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் காற்று குமிழியாக வெளியே வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது ஊற்றி, மூடுங்கள். எவ்வளவு பிடித்தது என்று எழுதி வையுங்கள். மேனுவலில் உள்ள அளவைவிட ஒரு லிட்டர் குறைந்தால் உள்ளே இன்னும் காற்றோ பழைய தண்ணீரோ இருக்கிறது. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மட்டத்தை மறுபடி பாருங்கள். அரை லிட்டர் வரை கேட்கும்.